கடைசிப் பெட்டி 192

பழைய லினக்ஸ் கணினி ஒன்றின் சீரியல் போர்ட்டில் கேபிளைச் செருகி, அதை நெட்வொர்க் இணைப்பாக மாற்றிவிட்டு, டெர்மினலில் ‘இஃப்கான்ஃபிக் எஸ்எல்0’ என்று தட்டினால் சில வரிகள் வரும். அவற்றின் சாரம் இது:

லிங்க் என்கேப்: வி.ஜே. சீரியல் லைன் ஐ.பி.
ஐநெட் முகவரி: 192.168.5.1 பி-டி-பி: 192.168.5.2
அப் பாயின்ட்டுபாயின்ட் ரன்னிங் நோஆர்ப் எம்.டி.யு: 296
கம்ப்ரெஸ்டு: 0

வைஃபைக்கோ ஈதர்நெட்டுக்கோ இதே கட்டளையை அடித்தால் வரும் வரிகளை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. முகவரி வந்துவிட்டதா என்று ஒரு பார்வை, அவ்வளவுதான். எஸ்எல்0 அப்படி விடாது. இந்தத் திரையில் உள்ள முகவரிகளையோ அளவையோ கம்பி தானாகச் சொன்னதில்லை. இந்த முனையில் ஒருவர் கையால் எழுதினார். மறுமுனையில் இன்னொருவர் அதற்குப் பொருந்துவதை எழுதினார். இணைப்பு ஓடவில்லை என்றால் இருவரும் இதே கட்டளையை அடித்து, போனில் வரி வரியாக ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். கம்பி பேசாததையெல்லாம் ஆட்கள் பேசித் தீர்த்தார்கள். ‘ஸ்லிப்’ என்ற அந்தப் பேசாமடந்தை பிறந்த கதை இது.

தட்டச்சுக்காரருக்குப் போட்ட பாதை

சீரியல் கம்பி இணையத்துக்காகப் பிறந்ததல்ல. அதன் இலக்கணமான ஆர்எஸ்-232 அமெரிக்காவில் 1960-ல் வந்தது. மோடத்தையும் டெலிடைப் போன்ற முனையங்களையும் பொருத்துவதுதான் அதன் வேலை. டெலிடைப்பின் பெயர்ச் சுருக்கம்தான் இன்றும் யூனிக்ஸிலும் லினக்ஸிலும் ‘டிடிஒய்’ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கம்பியில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். முன்னால் ‘இதோ வருகிறேன்’ என்று ஒன்று, பின்னால் ‘வந்துவிட்டேன்’ என்று ஒன்று. ஆகப் பத்து. அதனால் 9600 வேகக் கம்பி என்றால் நொடிக்கு 960 பைட்டுதான். ஒரு ஆள் தட்டச்சு செய்ய இது தாராளம். எழுத்துக்குப் பின் எழுத்து வந்துகொண்டே இருக்கும். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கம்பிக்குக் கவலையில்லை, படிக்கிறவருக்குப் புரியும்.

இணையத்தின் வழி வேறு. ஐ.பி. தன் சரக்கைப் பாக்கெட் பாக்கெட்டாகக் கட்டி அனுப்புகிறது. ஒவ்வொன்றுக்கும் தலை உண்டு, வால் உண்டு. நிற்காமல் ஓடும் பைட்டு வரிசையில் ஒரு பாக்கெட் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விடை, ஈதர்நெட்டைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பாப் மெட்காஃப் 1979-ல் கூட்டாளிகளோடு தொடங்கிய 3காம் நிறுவனத்திலிருந்து வந்தது. யூனிக்ஸ் கணினிகளுக்காக அவர்கள் ‘யுநெட்’ என்ற டி.சி.பி./ஐ.பி. மென்பொருளை விற்றார்கள். 1980-களின் தொடக்கத்தில் அதற்குள் இருந்த ஒரு சின்ன ஏற்பாடுதான் ஸ்லிப்பின் விதை. வேகமான ஈதர்நெட்டை விற்க வந்த வீட்டிலேயே மெதுவான கம்பிக்கும் வழி பிறந்தது.

எக்ஸ் குறி

ரயில் முழுதாக வந்து சேர்ந்ததா, நடுவழியில் பெட்டி எதுவும் கழன்றுவிட்டதா என்று நம் ஸ்டேஷன்களில் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? கடைசிப் பெட்டியின் பின்புறம் பெரிதாக ஒரு எக்ஸ் குறி இருக்கும். அது கண்ணில் பட்டால் ரயில் முழுதாகத் தாண்டிவிட்டது என்று பொருள். முன்னால் எத்தனை பெட்டி என்று எண்ண வேண்டியதில்லை.

ஸ்லிப் செய்வதும் இதைத்தான். பாக்கெட்டின் கடைசியில் 192 என்ற மதிப்புள்ள ஒரு பைட்டை வைக்கும். பெயர் ‘எண்ட்’. அதைப் பார்த்ததும் மறுமுனை, ‘இதுவரை வந்தது ஒரு பாக்கெட்’ என்று பிரித்துக்கொள்ளும்.

சிக்கல் ஒன்று உண்டு. பாக்கெட்டுக்குள் இருக்கும் சரக்கிலேயே 192 வந்துவிட்டால்? நடுப்பெட்டியில் யாரோ எக்ஸ் குறி வரைந்த கதையாகிவிடும். அதற்கு ஒரு மாற்று. சரக்கில் 192 வந்தால் அதை அப்படியே அனுப்பாமல் 219, 220 என்று இரண்டு பைட்டாக அனுப்பும். சரி, 219-ஏ சரக்கில் வந்தால்? 219, 221. மறுமுனை இவற்றைப் பார்த்ததும் பழையபடி மாற்றிக்கொள்ளும். ஆக, கம்பியில் 192 வந்தால் அது கடைசிப் பெட்டியாக மட்டுமே இருக்க முடியும்.

நான்கு எண்கள். புரோட்டோகால் முழுவதும் இவ்வளவுதான். அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என்று சி மொழியில் இரண்டு சிறு ஃபங்ஷன்களில் அடக்கிவிடலாம்.

நில அதிர்வு மையத்திலிருந்து

யுநெட்டுக்குள் இருந்ததை ஊருக்குப் பொதுவாக்கியவர் ரிக் ஆடம்ஸ். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆர்லிங்டன் நகரில் இருந்த நில அதிர்வு ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். ‘சீஸ்மோ’ என்ற அந்த மையத்தின் கணினி, மின்னஞ்சலைக் கைமாற்றி விடுவதில் அன்றைய யூனிக்ஸ் உலகத்துக்குச் சந்திப்பு நிலையம் மாதிரி. 1984 வாக்கில் ஆடம்ஸ், பெர்க்லி யூனிக்ஸின் 4.2 பதிப்புக்கும் சன் கணினிகளுக்கும் ஸ்லிப்பை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார். பிறகு 1987-ல் யுயுநெட் நிறுவனத்தைத் தொடங்கியவரும் இவரே.

அவர் கையில் எடுத்த 4.2 பதிப்பு 1983-ல் வந்தது. நாம் முதலில் தட்டிய இஃப்கான்ஃபிக் கட்டளை அதோடுதான் பிறந்தது. பின்னால் ‘எஸ்எல்அட்டாச்’ என்ற சிறு கட்டளையும் சேர்ந்துகொண்டது. வேலை இரண்டாகப் பிரிந்தது. எஸ்எல்அட்டாச் ஒரு டிடிஒய்யைப் பிடித்து, ‘இனி நீ முனையமல்ல, நெட்வொர்க் வாசல்’ என்று மாற்றும், எஸ்எல்0 முளைக்கும். பிறகு இஃப்கான்ஃபிக், ‘உன் முகவரி இது, எதிர்முனையின் முகவரி இது’ என்று இரண்டையும் எழுதும். திரையில் தெரியும் பாயின்ட்டுபாயின்ட், பி-டி-பி என்ற சொற்கள் இதைத்தான் சொல்கின்றன. இந்தக் கம்பியில் இரண்டே பேர். நோஆர்ப் என்பதும் அதனால்தான். ஈதர்நெட்டில் ‘இந்த முகவரி யாருடையது?’ என்று தெருவெல்லாம் கூவிக் கேட்கும் வழக்கம் உண்டு. ஒற்றைக் கம்பியில் யாரைக் கேட்பது?

சொல்லாமல் விட்டவை

ஸ்லிப் எதைச் செய்யவில்லை என்று பட்டியலிட்டால் அதன் உருவம் இன்னும் தெளிவாகும். என் முகவரி இது என்று மறுமுனைக்குச் சொல்லாது. உள்ளே இருப்பது ஐ.பி. பாக்கெட்டா, வேறு வகையா என்று சொல்லாது. தொலைபேசிக் கம்பியின் இரைச்சலில் ஒரு பிட் புரண்டிருந்தால் கண்டுபிடிக்காது. சரக்கைச் சுருக்காது. கம்பியின் வேகம் என்ன என்றும் கேட்காது.

இவை எல்லாம் இரண்டு முனையிலும் ஒன்றுபோல் இருந்தாக வேண்டும். யார் பார்ப்பது? திரை முன்னால் இருப்பவர்தான். ‘எஸ்டிடிஒய்’ என்ற கட்டளை கம்பியின் குணங்களைக் காட்டும். வேகம், பைட்டுக்கு எத்தனை பிட் என்பவற்றோடு, எது ஆனில் இருக்கிறது, எது ஆஃபில் இருக்கிறது என்று நீளமாக ஒரு பட்டியல். பெயருக்கு முன்னால் சின்னக் கோடு இருந்தால் ஆஃப், இல்லாவிட்டால் ஆன். அந்தக் கோட்டுக்குள் எத்தனை வினை இருக்கிறது என்று பாருங்கள்.

‘ஐஸ்ட்ரிப்’ என்று ஒரு செட்டிங். முனையக் காலத்து வழக்கப்படி ஏழு பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு எட்டாவதை வெட்டும். ஆங்கில எழுத்துகளுக்கு ஏழே போதும். 192 என்பது பிட்டு வடிவில் 11000000. அதன் தலைப் பிட்டை வெட்டினால் 1000000, அதாவது 64. மின்னஞ்சல் முகவரியில் வரும் @ குறி. இப்போது என்ன ஆகும்? அனுப்புகிறவர் கடைசிப் பெட்டியில் எக்ஸ் போட்டு அனுப்புகிறார். வாங்குகிறவருக்கு @ தெரிகிறது. ரயில் முடியவே இல்லை. பெட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன; ஒரு பாக்கெட்டாவது ஒப்புக்கொள்ளப்படுவதில்லை. மோடம் விளக்குகள் ஒழுங்காக மின்னும், கேபிளிலும் குறை இராது. கோடு இருக்க வேண்டிய இடத்தில் கோடு இல்லை, அவ்வளவே.

‘ஐக்ஸான்’ இன்னொன்று. இது ஆனில் இருந்தால் 19 என்ற பைட் ‘நிறுத்து’ என்றும், 17 ‘தொடரலாம்’ என்றும் பொருள்படும். மனிதர் திரையை நிறுத்தி வாசிக்க ஏற்பட்ட வசதி. ஸ்லிப்போ 192-ஐயும் 219-ஐயும் தவிர எதையும் மாற்றாமல் அனுப்பும். படக் கோப்பு ஒன்றின் நடுவில் தற்செயலாக 19 வந்தால் கம்பி வாய் மூடிக்கொள்ளும்.

இப்படித்தான் செட்டிங்கைப் பார்க்கும் கட்டளை ஸ்லிப்பின் பாதி ஆனது. நான்கு எண்களில் அடங்கிய புரோட்டோகால் கம்பியில் ஓடியது. மீதியை இரண்டு திரைகள் தாங்கின.

தரமல்லாத தரம்

பரவலாகப் புழங்கியும் ஸ்லிப்புக்கு எழுத்துப்பூர்வமான விளக்கம் இல்லாமல் இருந்தது. 1988 ஜூனில் ஜான் ராம்கி அதை எழுதினார். எம்.ஐ.டி.யில் ஐ.பி.எம். பி.சி.க்கு டி.சி.பி./ஐ.பி.யைக் கொண்டுவந்த குழுவில் இருந்தவர். 1990-ல் இன்டர்ராப் கண்காட்சியில் ஒரு பிரெட் டோஸ்டரை இணையத்தில் இணைத்துக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தவரும் இவர்தான்.

இணைய ஆவணங்களின் வரிசையில் 1055 என்ற எண் பெற்ற அந்த எழுத்து ஆறே பக்கம். தலைப்பிலேயே ‘இது தரம் அல்ல’ என்ற பொருளில் ஒரு சொல்லை வைத்தார் ராம்கி. எல்லோரும் பயன்படுத்துவதைப் பதிவு செய்கிறேன், யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை என்ற தொனி. குறைகளையும் அவரே வரிசையாக அடுக்கினார். பாக்கெட்டின் உச்ச அளவுக்கு விதி எதுவும் இல்லை என்பதால், பெர்க்லி யூனிக்ஸில் உள்ள 1006 பைட்டையே ஏற்றுக்கொள்வது நல்லது என்றார்.

ஃபில் கார்ன் சொன்ன ஒரு யோசனையும் அதில் உண்டு. வானொலி வழியே கணினிகளை இணைத்தவர் கார்ன். இரைச்சலைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாக்கெட்டின் முடிவில் மட்டுமல்லாமல் தொடக்கத்திலும் 192 வைத்துவிடலாமே என்றார். இரண்டு பாக்கெட்டுக்கு நடுவில் கம்பியின் இரைச்சல் சில பொய்ப் பைட்டுகளைக் கிளப்பியிருந்தால், முதல் 192 அந்தக் குப்பையைத் தனிப் பாக்கெட்டாக ஒதுக்கிவிடும். தவறான பாக்கெட் என்று மேலே உள்ளவர்கள் தூக்கிப்போடுவார்கள். நல்ல பாக்கெட் சுத்தமாகத் தொடங்கும். ஒரு பைட் செலவில் வாசல் தெளித்துக் கோலம் போட்டது போல.

பிற்பாடு நடந்தது வேடிக்கை. ‘தரம் அல்ல’ என்று தலைப்பிட்ட அந்த ஆவணமே இணையத்தின் முழுத் தரங்களின் பட்டியலில் 47-ஆம் எண்ணாக ஏறி உட்கார்ந்தது. தலைப்பை யாரும் மாற்றவில்லை.

296-ம் வி.ஜே.யும்

மேலே திரையில் ‘வி.ஜே.’ என்று பார்த்தோமே, அது வேன் ஜேக்கப்சனின் பெயரெழுத்துகள். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்தவர், டிரேஸ்ரூட் கட்டளையைத் தந்தவர். வீட்டுக்குள் கணினி வரத் தொடங்கிய காலம் அது. வீட்டிலிருந்து மோடம் வழியே ஆய்வகக் கணினியில் வேலை பார்ப்பவருக்கு வந்த தொல்லையை எடுத்துக்கொண்டார்.

தொல்லை இதுதான். தொலைக் கணினியில் ஒரு ஆங்கில எழுத்தைத் தட்டுகிறீர்கள். சரக்கு ஒரு பைட். அதன் மேல் டி.சி.பி.யும் ஐ.பி.யும் ஏற்றும் தலைப்பு 40 பைட். ஆக 41. அந்தப் பக்கத்திலிருந்து எழுத்து எதிரொலித்து உங்கள் திரைக்கு வர இன்னொரு 41. நொடிக்கு 2400 பிட் போகும் மோடத்தில் இந்தப் போக்குவரத்துக்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி ஆகிவிடும். விரல் போய் வெகுநேரம் கழித்து எழுத்து வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அது இங்கே நாற்பது மடங்கு.

1990 பிப்ரவரியில் ஜேக்கப்சன் தீர்வை வெளியிட்டார். ஒரே உரையாடலில் போகும் தலைப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் 40 பைட்டில் பாதி மாறுவதே இல்லை. யாரிடமிருந்து யாருக்கு என்பதுபோல. அதை இருபுறமும் நினைவில் வைத்துக்கொண்டால் மறுபடி அனுப்ப வேண்டாம். மீதியில் மாறுபவற்றுக்கும் முழு மதிப்பு வேண்டாம், முன்னதிலிருந்து எவ்வளவு கூடியது என்று சொன்னால் போதும். 40 பைட் பெரும்பாலும் 3 பைட்டுக்கு இறங்கியது. தட்டிய எழுத்தோடு சேர்த்து 4.

இதில் ஒரு கைவேலை உண்டு. சுருக்கிய பாக்கெட்டா, சுருக்காததா என்று மறுமுனைக்குத் தெரிய வேண்டும். ஸ்லிப்பில்தான் ‘உள்ளே என்ன வகை’ என்று சொல்ல இடமே கிடையாதே? அன்றைய ஐ.பி. பாக்கெட்டின் முதல் நான்கு பிட் எப்போதும் 4 என்று இருக்கும், அதுதான் பதிப்பு எண். அந்த இடத்தில் 4 இல்லாமல் வேறு எண் வந்தால் அது ஜேக்கப்சன் வைத்த அடையாளம். இல்லாத இடத்தை இருப்பதற்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டார். திரையில் ‘கம்ப்ரெஸ்டு’ என்ற எண்ணிக்கை வந்ததும் இந்தச் சுருக்கத்தை ஒட்டித்தான். அந்த எண் 0 என்றே நின்றால், ஒருபுறம் சுருக்கத் தெரிந்தும் மறுபுறம் இன்னும் பழைய ஸ்லிப்பிலேயே இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். மறுபடி போன்.

திரையில் எம்.டி.யு. என்று வந்த உச்ச அளவான 296-க்கும் இதே கணக்குதான். யாரோ பெரிய கோப்பு ஒன்றை இறக்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் தட்டிய எழுத்து, போய்க்கொண்டிருக்கும் பாக்கெட்டுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். 9600 கம்பியில் 1006 பைட் பாக்கெட் கடக்க ஒரு நொடிக்கு மேல். 296 என்றால் 0.3 நொடி. 256 பைட் சரக்கு, 40 பைட் தலைப்பு. பெரிய லாரிக்குப் பின்னால் நிற்பதைவிடச் சின்ன வேனுக்குப் பின்னால் நிற்பது மேல் என்ற நியாயம்.

பெர்க்லியின் ஸ்லிப் நிரலில் ஜேக்கப்சன் இன்னொரு வேலையும் செய்தார். ஆள் தட்டும் எழுத்துகளுக்கு வரிசையில் முன்னுரிமை. 2400 வேகக் கம்பியை யாராவது ‘பிங்’ செய்தே அடைத்துவிடாமல் இருக்க ஒரு தடுப்பு. பெர்க்லி வழி வந்த யூனிக்ஸில் இவற்றுக்கு லிங்க்0, லிங்க்1, லிங்க்2 என்று மூன்று சுவிட்சுகள். முதலாவது சுருக்கத்துக்கு, இரண்டாவது பிங் வகையறாவைத் தடுக்க, மூன்றாவது மறுமுனை சுருக்கி அனுப்பினால் தானும் சுருக்கத் தொடங்க. மூன்றாவதைக் கவனியுங்கள். மறுமுனையைப் பார்த்து நடந்துகொள்ள ஸ்லிப் முதன்முதலாகப் பழகியது அங்கேதான்.

வாய் திறந்த வாரிசு

முழுதாகப் பேசத் தெரிந்த பி.பி.பி. 1989 நவம்பரில் ஆவணமாக வந்து, 1994 ஜூலையில் இன்றைய வடிவம் பெற்றது. இணைப்பு எழுந்ததும் இரண்டு முனையும் தாமே பேரம் பேசும். பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், எந்தெந்தப் பைட்டைக் கம்பி விழுங்கும், சுருக்கலாமா, உனக்கு முகவரி உண்டா, இல்லாவிட்டால் நான் தரட்டுமா என்று. பிழை பிடிக்கவும் தெரியும். அதோடு செட்டிங்கைப் பார்க்கும் கட்டளையின் பொருளும் மாறியது. ஸ்லிப் காலத்தில் திரையில் நாம் எழுதியதைப் பார்த்தோம். பி.பி.பி. காலத்தில் அவர்கள் பேசி முடித்ததைப் பார்த்தோம்.

ஸ்லிப் சாகவில்லை, வேடம் மாறியது. 1990-களின் நடுவில் பலருக்குக் கிடைத்தது எழுத்து மட்டும் தெரியும் ‘ஷெல்’ கணக்கு. வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொது இணையச் சேவையைத் தொடங்கியபோது இங்கே வந்தவர்களில் பலரும் அதில்தான் வந்தார்கள். படம் பார்க்க வழியில்லை. அதே 1995-ல் டேனி காஸ்பரோவ்ஸ்கி ‘ஸ்லர்ப்’ என்ற நிரலை எழுதினார். ஷெல் கணக்கில் இதை ஓடவிட்டால், அது ஸ்லிப் இணைப்பு மாதிரி நடிக்கும். வீட்டுக் கணினிக்கு ‘உன் முகவரி 10.0.2.15 என்று வைத்துக்கொள்’ என்று சொல்லும். எழுத்துக் கணக்கிலேயே படங்களோடு வலைப்பக்கம் திறக்கும்.

அந்த நிரலின் வழித்தோன்றல்தான் இன்று கியூஎமு போன்ற மெய்நிகர் கணினிகளுக்குள் வலைத் தொடர்பு தருகிறது. உங்கள் மடிக்கணினியில் ஒரு மெய்நிகர் கணினியைத் திறந்து, கட்டளைத் திரையில் முகவரியைக் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் 10.0.2.15 என்றே வரும்.

192-ம் ஓயவில்லை. பொறியியல் மாணவர்கள் புராஜெக்டுக்கு வாங்கும் இஎஸ்பி32 என்ற சில நூறு ரூபாய் போர்டில் நிரலை ஏற்றும்போது, கணினிக்கும் சிப்புக்கும் நடுவில் ஓடுவது ஸ்லிப் கட்டமைப்புதான். நிரலேற்றும் கட்டளையில் ‘டிரேஸ்’ என்பதைச் சேர்த்தால் கம்பியில் போகும் ஒவ்வொரு பைட்டும் திரையில் தெரியும். முதலில் போகும் பாக்கெட் 46 பைட். பதினாறடிமான எண்ணில் ‘சி0’ என்று தொடங்கி ‘சி0’ என்று முடியும். சி0 என்றால் 192. கடைசிப் பெட்டிக்கு ஒன்று, கார்ன் சொன்னபடி வாசலுக்கு ஒன்று. நடுவில் 55, 55, 55 என்று முப்பத்திரண்டு முறை. பிட்டு வடிவில் அது 01010101. ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும் அந்த அலையின் அகலத்தை அளந்து, கம்பி எந்த வேகத்தில் ஓடுகிறது என்று சிப் தானே தெரிந்துகொள்கிறது.

‘உங்க பக்கம் ஸ்பீடு எவ்வளவு வெச்சிருக்கீங்க?’ என்று போனில் கேட்ட கேள்வியை இப்போது அந்த முப்பத்திரண்டு 55-கள் கேட்டுக்கொள்கின்றன.